நாற்பது டாலர் வாக்னரும் டாமி லீச்சும்: நூறு வருடப் பேஸ்பால் கார்டு சேர்க்க நினைப்பவருக்கு

கேள்வி இது: பிட்ஸ்பர்க்கில் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, நண்பர்களோடு ஆட்டம் பார்க்கப் போய்ப் பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. போன வாரம் ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னர் படம் போட்ட பழுப்பேறிய சின்ன அட்டை 40 டாலருக்குக் கிடந்தது. அது அசலா? இல்லையென்றால், 1900களின் கார்டுகளைச் சேர்க்க எங்கிருந்து தொடங்குவது, 500 டாலரில் ஏதாவது நடக்குமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அது அசல் இல்லை, தம்பி. படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன். அந்த வாக்னர் கார்டு உலகத்தில் மொத்தமே சுமார் 60 தான் இருப்பதாகக் கணக்கு. ஓரம் கிழிந்து, மூலை தேய்ந்து, பார்க்கவே பாவமாக இருக்கும் பிரதியெல்லாம் பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 2022 ஆகஸ்டில் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்பதற்குப் பத்துக்கு 2 மதிப்பெண் வாங்கிய கார்டு அது! அப்படிப்பட்ட பொருள் கடையில் தூசி படிந்து கிடக்க வழியில்லை. ஆனால் அதன் நகல்கள் மட்டும் ஐம்பது வருடமாக அச்சாகிக்கொண்டே இருக்கின்றன. கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரிந்திருக்காது. நகலை வாங்கிக் காபித் தண்ணீரில் ஊறப்போட்டு, மூலையைத் தேய்த்து, யாரோ எப்போதோ செய்த வேலை பல கை மாறி அவரிடம் வந்திருக்கும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். 500 டாலரில் நன்றாகவே நடக்கும்.

நீங்கள் பார்த்த படம் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சேகரிப்பவர்கள் அதை டி206 என்பார்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் போட்டுக் கொடுத்த கார்டுகள். அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் இரண்டு அங்குலமும் ஐந்தெட்டும். நம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்தக் காலத்து சிகரெட் பாக்கெட் வெறும் தாள். உள்ளே இருப்பது நசுங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டை தேவைப்பட்டது. அந்த அட்டையில் ஒரு ஆட்டக்காரர் படத்தைப் போட்டால் வாங்குபவன் அடுத்த பாக்கெட்டுக்கும் வருவான். கணக்கு அவ்வளவு எளிமையானது. அப்பா சிகரெட் பிடித்தார், பிள்ளை கார்டைச் சேர்த்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1880களிலேயே சிகரெட் பாக்கெட்டில் இப்படிப் படங்கள் வந்துகொண்டிருந்தன. 1890இல் ஜேம்ஸ் டியூக் பெரிய சிகரெட் கம்பெனிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஏகபோகமாக்கியதும், போட்டி போய்விட்டது. இலவசப் படம் எதற்கு என்று சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். பிறகு துருக்கிப் புகையிலை சிகரெட்டுகள் சந்தையைப் பிடிக்கத் தொடங்கின, மறுபடி கார்டு வந்தது. 1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைக்கச் சொன்னது. டி206இன் காலமும் அதோடு முடிந்தது. ஆக, இன்று நாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொஞ்சும் இந்தத் தொகுப்பு ஒரு வியாபாரச் சண்டையின் மிச்சம்.

மொத்தம் 524 கார்டுகள். 390 பெரிய லீக் ஆட்டக்காரர்களுடையவை, 134 சிறிய லீக் ஆட்டக்காரர்களுடையவை. சேகரிப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘மான்ஸ்டர்’. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தும் முடிக்காதவர்கள்தான் அதிகம். 524இல் நான்கை எல்லோரும் தனியாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஒன்று வாக்னர். இன்னொன்று எடி பிளாங்க். மூன்றாவது ஷெர்ரி மகீ என்பவருடைய கார்டு. முதலில் அவர் பெயரில் எழுத்துப் பிழையோடு அச்சாகி, பிறகு திருத்தப்பட்டது, அந்தப் பிழைக் கார்டுதான் அரிது. நான்காவது ஜோ டாய்ல். அவர் பெரிய லீக் இரண்டில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் நியூயார்க் அணிக்கு ஆடியவர், அதே ஊரின் நேஷனல் லீக் அணியில் லாரி டாய்ல் என்று இன்னொருவர் இருந்ததால் குழம்பிப்போய் லீக் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள். ‘520 முடித்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அந்த நான்கைத் தவிர எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கே எழுந்து நின்று கும்பிடலாம்.

டி206 என்ற பெயரை சிகரெட் கம்பெனி வைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸில் வாழ்ந்த ஜெபர்சன் பர்டிக் என்ற மனிதர் வைத்தது. பணக்காரர் இல்லை, தொழிற்சாலை வேலைக்காரர். மூட்டு வாதத்தால் விரல்கள் முடங்கிப்போனவர். 1930களில், இந்த அட்டைகளை எல்லோரும் குப்பையாக நினைத்த காலத்தில், அமெரிக்காவில் அச்சான விளம்பரக் கார்டுகளையெல்லாம் வகை பிரித்துப் பட்டியல் போட்டார். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுக்கு ‘டி’, மிட்டாய்க் கார்டுக்கு ‘இ’, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுக்கு ‘என்’ என்று எழுத்து கொடுத்து எண் போட்டார். இன்றும் ஏல நிறுவனங்கள் முதல் சிறுவர்கள் வரை அதே எண்ணைத்தான் சொல்கிறார்கள். தன்னிடமிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வருடக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டினார். ஆமாம், பசை போட்டு ஒட்டினார், வாக்னரையும் சேர்த்து. 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, இரண்டு மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். விலைப் பட்டியலோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வரும்.

சரி, வாக்னர் கார்டு ஏன் இவ்வளவு அரிது? நீங்கள் பிட்ஸ்பர்க்காரர், உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது. வாக்னர் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கார்னகியில் வளர்ந்தவர், எட்டு முறை நேஷனல் லீகின் சிறந்த மட்டையாளர், 1936இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் ஐவரில் ஒருவர். அவர் தன் படத்தைப் போட அனுமதி மறுத்தார், அதனால் அச்சு ஆரம்பத்திலேயே நின்றது; இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். காரணம் என்ன என்பதில்தான் தகராறு. சிறுவர்கள் புகையிலைப் பக்கம் போகக்கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு கட்சி. பணம் தரவில்லை, அதனால் கோபம் என்பது இன்னொரு கட்சி. அவரே புகையிலை மெல்லுகிறவர் என்பதை இரண்டாம் கட்சி ஆதாரமாகக் காட்டும். 1912இல் ஒரு விளையாட்டு வார இதழில் வந்த செய்தி எனக்குப் பிடிக்கும்: வாக்னரிடம் அனுமதி வாங்கித் தந்தால் 10 டாலர் என்று ஒரு பத்திரிகையாளருக்குக் கம்பெனி சொல்லியிருந்ததாம். வாக்னர் மறுத்து எழுதிய கடிதத்தோடு, உங்களுக்கு நஷ்டம் வேண்டாம் என்று 10 டாலர் காசோலையையும் வைத்து அனுப்பினாராம். பணத்துக்காக முறுக்கிக்கொண்ட ஆள் அப்படிச் செய்திருக்கமாட்டார் என்பது என் கட்சி.

கார்டின் அடியில் ஊர்ப் பெயர் இருக்கும், கவனித்திருப்பீர்கள். ‘பிட்ஸ்பர்க்’ என்பதில் கடைசி ‘எச்’ இருக்காது. அதைப் பார்த்துப் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1891 முதல் 1911 வரை உங்கள் ஊருக்கு அரசாங்க எழுத்துக்கூட்டலே அதுதான். ஊர்க்காரர்கள் சண்டை போட்டுத்தான் அந்த எழுத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

இனி அசலும் போலியும். 15 டாலருக்குப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு வாங்கும் முன் அதை வாங்குங்கள். பிறகு டி206இல் பேர் தெரியாத ஆட்டக்காரர் ஒருவருடைய அசல் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

என் மேசையில் இப்போது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் அணியின் டாமி லீச், பின்பக்கம் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம். வலது மேல் மூலை மொட்டை, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு மடிப்பு. லென்ஸை வைத்து முகத்தைப் பார்த்தால், கன்னத்தில் ரோஸ், மஞ்சள், பழுப்புப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒழுங்கே இல்லை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இது லித்தோ அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்துத் தயாரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தது. லென்ஸைக் கீழே இறக்கினால் பெயர். எழுத்து முழுக்கப் பழுப்பு மை, இடையில் புள்ளியே கிடையாது, பேனாவால் எழுதிய கோடு மாதிரி நிறைந்து நிற்கிறது. சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தில் மையே இல்லை, வெறும் அட்டைதான். இப்போது ஒரு நகலை அதே இடத்தில் வையுங்கள். முகம் முழுக்க வரிசை பிசகாமல் குட்டிக்குட்டிப் பூப்பூவாகப் புள்ளிகள் இருக்கும். பெயர் எழுத்தும் புள்ளிகளால் ஆனதுதான். வெள்ளை ஓரத்திலும், பழசின் பழுப்பைப் படம் பிடித்ததால், மஞ்சள் புள்ளி தூவியிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பத்து நொடி வேலை.

லென்ஸ் இல்லாமலே சில விஷயம் பார்க்கலாம். புற ஊதா டார்ச் அடித்தால் நவீனக் காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னும். வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு காகிதத்தில் வந்தது. 1909 அட்டை மங்கலாகவே கிடக்கும். மின்னினால் போலி, சரி. மின்னாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளை எடுத்து அச்சடிக்கிறவர்களும் உண்டு. அப்புறம், வாக்னர் கார்டின் பின்பக்கத்தில் பீட்மான்ட் அல்லது ஸ்வீட் கேபரல் என்ற இரண்டு விளம்பரங்கள்தான் இதுவரை கிடைத்திருக்கின்றன. வேறு பெயர் இருந்தால் லென்ஸைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

போலியைவிட எனக்குப் பயம் தருவது, அசல் கார்டில் செய்யும் வேலைதான். தேய்ந்த மூலையை வெட்டிவிட்டால் புது மூலை வந்துவிடுகிறது. வெளுத்த நிறத்துக்கு வண்ணம் தொடுகிறார்கள், மடிப்பை அழுத்தி மறைக்கிறார்கள், பென்சில் எழுத்தை அழிக்கிறார்கள். சேர்க்கத் தொடங்கிய புதிதில் நானும் மாட்டினேன். இணைய ஏலத்தில் ஒருவர் விற்ற கார்டு, நூறு வருடம் ஆனதென்று நம்பவே முடியாத கூர்மையான நான்கு மூலைகள். மற்றவர்கள் ஏன் விலை ஏற்றவில்லை என்று யோசிக்காமல், அதிர்ஷ்டம் என்று 220 டாலர் கட்டினேன். மதிப்பெண் போடும் நிறுவனத்துக்கு அனுப்பினால், ஓரம் வெட்டப்பட்டது, எண் கிடையாது என்று திரும்பி வந்தது. வீட்டில் ஸ்கேல் இருந்தது; அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கார்டை விற்காமல் வைத்திருக்கிறேன். அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவு.

ஆனால் அளவு குறைந்தால் உடனே வெட்டியது என்றும் முடிவுகட்டக்கூடாது. அமெரிக்கன் பியூட்டி என்ற சிகரெட்டின் பாக்கெட் ஒல்லி. அதற்குள் நுழைவதற்காகக் கம்பெனியே அந்தக் கார்டுகளை ஒடுக்கமாக வெட்டியது. பின்பக்கத்தைப் பார்க்காமல் ஸ்கேலை மட்டும் நம்பினால் நல்ல கார்டைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

வெட்டின கார்டுக் கதைகளுக்கெல்லாம் பெரியண்ணன் கதை ஒன்று உண்டு. இருப்பதிலேயே அழகான வாக்னர் கார்டு. 1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி முதலாளியும் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். அப்போதுதான் பி.எஸ்.ஏ. என்ற தரம் போடும் நிறுவனம் புதிதாகத் தொடங்கியிருந்தது. அது போட்ட முதல் எண் இந்தக் கார்டுக்குத்தான், மதிப்பெண் 8. பிறகு ஒரு கடைத்தொடர் நடத்திய குலுக்கலில் புளோரிடாவின் தபால் ஊழியர் ஒருவருக்குப் பரிசாக விழுந்தது. வரி கட்ட முடியாமல் அவர் விற்றுவிட்டார். 2007இல் 28 லட்சம் டாலர். 2013இல் மாஸ்ட்ரோ வேறு ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த வாக்னரின் ஓரத்தை வெட்டியது தானே என்றும் ஒப்புக்கொண்டார். சேகரிப்பவர்கள் இருபது வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்ததுதான். கார்டு இன்னும் அதே 8 என்ற எண்ணோடு அதே பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது.

அதனால் தரம் போடும் நிறுவனங்களை நம்பக்கூடாது என்கிறேனா? இல்லை. புதியவர் முதல் பத்துக் கார்டை பி.எஸ்.ஏ. அல்லது எஸ்.ஜி.சி. பெட்டியில் அடைத்ததாகவே வாங்க வேண்டும். 1 முதல் 10 வரை மதிப்பெண். அசல்தான் ஆனால் வேலை செய்யப்பட்டது என்றால் எண் போடாமல் ‘அசல்’ என்று மட்டும் எழுதுவார்கள். பெட்டியின் மேலிருக்கும் பதிவு எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்.ஜி.சி. கார்டைச் சுற்றிக் கறுப்பு அட்டை வைக்கும். பழைய கார்டுக்கு அது கோட்டு சூட்டுப் போட்ட மாதிரி எடுப்பாக இருக்கும் என்பதால் எங்கள் கூட்டத்துக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். கண் பழகிய பிறகு பெட்டி இல்லாத கார்டு வாங்கலாம். நூறு வருட அட்டையைக் கையில் தொட்டுப் பார்க்கிற சுகம் பிளாஸ்டிக்குக்குள் கிடைக்காது.

இப்போது உங்கள் 500 டாலர். அதை ஒரே கார்டில் போடாதீர்கள். அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம் டை காப் மேல் ஆசை வரும். டி206இல் அவருக்கு நான்கு வெவ்வேறு படங்கள் உண்டு. கிழிசல் காப் கூட ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கும். ஆனால் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லாத ஆட்டக்காரர்களின் கார்டு, மதிப்பெண் 1 அல்லது 2இல், நூறு டாலருக்கும் குறைவாகவே கிடைக்கிறது. 1 என்றால் அசிங்கம் என்று நினைக்காதீர்கள். பின்பக்கம் பசைத் தழும்பு இருந்தால், ஒரு மடிப்பு ஓடினால், ஒரு பொடியன் பின்னால் தன் பெயரைப் பென்சிலால் கிறுக்கியிருந்தால் எண் விழுந்துவிடும். முன்பக்கம் நிறம் அப்படியே இருக்கும். மேலே சொன்ன என் டாமி லீச்சுக்கு எண் 1 தான். வெட்டிய பளபளப்பைவிடத் தேய்ந்த நேர்மை எனக்கு நிம்மதி.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: உங்கள் ஊர் பைரேட்ஸின் 1909 அணிக் கார்டுகளைச் சேருங்கள். ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம் திறந்த வருடம் அது. காப் ஆடிய டெட்ராய்ட்டை வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரில் 4-3 என்று வென்ற அணி. லீச்சுக்கு டி206இல் இரண்டு படம், விக்கெட் கீப்பர் மாதிரி குந்தியிருக்கிற கேட்சர் ஜார்ஜ் கிப்சன், பந்து வீசுகிற டீக்கன் பிலிப்பி. இவர்களெல்லாம் கைக்கு எட்டுபவர்கள். மேனேஜராகவும் ஆடிய ஃபிரெட் கிளார்க்கும், விக் வில்லிஸும் ஹால் ஆஃப் ஃபேம்காரர்கள். கொஞ்சம் கூட ஆகும், ஆனால் காப் விலை இல்லை. வாக்னர் இடம் காலியாக இருக்கும். இருக்கட்டும், எல்லோருடைய ஆல்பத்திலும் அது காலிதான்.

பிறகு ஒரு நாள் பின்பக்கப் பைத்தியம் பிடிக்கும். வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் எனக்கே பிடித்திருக்கிறது. ஒரே படத்தின் பின்னால் 16 பிராண்டுகளில் ஏதோ ஒன்றின் விளம்பரம் இருக்கும். பீட்மான்டும் ஸ்வீட் கேபரலும் மலிவு. டிரம், உஸிட், பிராட் லீஃப் போன்றவை வந்தால் பேர் தெரியாத ஆட்டக்காரர் கூட விலை ஏறிவிடுவார். போலார் பேர் சிகரெட் இல்லை, உதிரிப் புகையிலைப் பொட்டலம். கார்டு புகையிலையோடு ஒட்டியே கிடந்ததால் பழுப்புக் கறை இல்லாத போலார் பேர் அபூர்வம். கரடி கறையோடு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். இன்னொரு பிராண்டின் பெயர் ‘ஹிந்து’. முதன்முதலில் ஒரு கண்காட்சி மேசையில் பழுப்பு மையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, நம் ஊர்ச் செய்தித்தாளை யாரோ மடித்து வைத்த மாதிரி இருந்தது. கீழை நாட்டுப் பெயர் வைத்தால் புகைக்கு ஒரு கவர்ச்சி என்ற அந்தக் காலத்து நினைப்பு. டால்ஸ்டாய் பெயரில் கூட சிகரெட் விட்டிருக்கிறார்கள், பாவம், புகைப்பதை எதிர்த்து எழுதியவர் அவர்.

டி206 தவிரவும் உலகம் உண்டு. 1911இன் டி205 தங்க நிற ஓரத்தோடு அழகாக இருக்கும், ஆனால் அந்தத் தங்கம் லேசாக உரசினாலே உதிரும். மிட்டாய்க் கார்டுகளை ‘இ’ வரிசையில் தேடுங்கள். சிகரெட் கார்டை அப்பாவிடம் கெஞ்சி வாங்க வேண்டும், இவை சிறுவர்கள் நேரடியாகக் காசு கொடுத்து வாங்கியவை, அதனால் இன்னும் அடிபட்டிருக்கும். கிராக்கர் ஜாக் என்ற சோளப்பொரி டப்பாவில் 1914இல் 144 கார்டுகள், 1915இல் 176. 1914இல் பொரிப் பாகில் புதைந்துதான் கார்டு வந்தது, கறை படாமல் எப்படி இருக்கும்? 1915இல் கூப்பன் அனுப்பி முழுத் தொகுப்பையும் தபாலில் வாங்க வழி செய்தார்கள், அதனால் அந்த வருடத்துக் கார்டுகள் சுத்தமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பிரிக்க ஒரு வித்தை: 1915 கார்டைத் திருப்பினால் பின்பக்க எழுத்து தலைகீழாக இருக்கும்.

ஷூலெஸ் ஜோ ஜாக்சன் டி206இல் இல்லை; அவரைத் தேடுபவர்கள் மிட்டாய்க் கார்டுக்கும் கிராக்கர் ஜாக்குக்கும் போகலாம். 1919 சூதாட்ட விவகாரத்தில் வாழ்நாள் தடை வாங்கியவர், அவர் பெயரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுக்க 2025 மே வரை ஆனது. அவர் கார்டுகளின் விலையோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, எப்போதோ ஏறிவிட்டது.

பரணில் புதையல் கிடைக்குமா என்றும் மனசு ஓடும். கிடைத்திருக்கிறது. 2012இல் ஒஹையோ மாநிலத்து டிஃபையன்ஸ் ஊரில், முன்பு இறைச்சிக் கடை வைத்திருந்த தாத்தாவின் வீட்டுப் பரணில் பேரப்பிள்ளைகள் ஒரு பச்சை நிற அட்டைப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே 1910 வாக்கில் அச்சான மிட்டாய்க் கார்டுகள், சுமார் 700, நூலால் கட்டியபடி, கை படாமல். முதல் ஏலத்தில் 37 கார்டுகள் மட்டும் 5 லட்சத்து 66 ஆயிரம் டாலருக்குப் போயின. அந்தத் தொகுப்பின் பழைய அபூர்வமும் அன்றோடு குறைந்தது, ஏற்கெனவே பெரிய விலை கொடுத்து வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பேன். பரணை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயம் இந்தக் கார்டுகளைப் புரட்டும்போது உறுத்தும். 524இலும் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் இல்லை. லீக் அவர்களை உள்ளேயே விடவில்லை. அடுத்து வந்த தலைமுறையின் மாபெரும் கறுப்பின ஆட்டக்காரர்களில் ஒருவரான ஆஸ்கார் சார்ல்ஸ்டனை விளையாடுகிற காலத்தில் கார்டில் போட்டது கியூபா. குளிர்காலத்தில் அங்கே போய் ஆடுவார், 1923-24இல் அந்த ஊர்ப் புகையிலைக் கம்பெனிகள் அவர் படத்தை வெளியிட்டன. அளவில் டி206ஐப் போலவே சின்னது, கறுப்பு வெள்ளை, மிக அரிது. நீங்கள் வாங்கப் போவதில்லை, நானும் வாங்கப் போவதில்லை. ஆனால் கண்காட்சியில் யாராவது வைத்திருந்தால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கண்காட்சி என்றதும் நினைவு வருகிறது: ஒவ்வொரு கோடையிலும் ‘நேஷனல்’ என்று ஒரு பெரிய கூட்டம் நடக்கும், 1980இல் தொடங்கியது, ஊர் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் போய்ப் பழைய கார்டு மேசைகளை மட்டும் சுற்றுங்கள். முதல் நாள் ஒன்றும் வாங்காதீர்கள். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. இந்த மேசைகளில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள், வாங்குகிற ஆள் இல்லை என்று தெரிந்தாலும், கேட்டால் மணிக்கணக்கில் சொல்லிக் கொடுப்பார்கள். வாங்கியதை வெயில் படாமல், அடித்தளத்து ஈரத்தில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இரும்புப் பெட்டகமெல்லாம் இப்போது வேண்டாம்.

அப்புறம் அந்தக் கடை. மறுபடி அந்தப் பக்கம் போனால், வாக்னரைத் தள்ளி வைத்துவிட்டு அதே டப்பாவில் வேறு என்ன கிடக்கிறது என்று பாருங்கள். நகலோடு ஒன்றிரண்டு அசல் கலந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் யாருக்கும் பெயர் தெரியாத சிறிய லீக் ஆட்டக்காரர் என்றால் விலையைக் கூட ஏற்றியிருக்கமாட்டார்கள். லென்ஸை வைத்துப் பெயர் எழுத்தைப் பாருங்கள். புள்ளி இல்லாமல் நிறைந்த பழுப்பு மையாக இருந்தால், ஃபோனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு பக்கமும் வேண்டும். முன்பக்கத்தை மட்டும் அனுப்பினால் நான் எதுவும் சொல்லமாட்டேன்.